குறையாத ஆயில்

ஆயில் குறையவில்லை. அதுதான் அவளுக்குப் பிரச்சினை.

சனிக்கிழமை காலை, வாசல் கேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் காரின் பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு ஆயில் கம்பியை உருவினாள். பழைய பனியன் துணியால் துடைத்தாள். திரும்ப உள்ளே விட்டு, திரும்ப உருவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கம்பியின் நுனியில் இரண்டு கோடுகள் உண்டு. மேல்கோடு வரை இருந்தால் நிறைவு, கீழ்க்கோட்டுக்குக் கீழே போனால் ஆபத்து. ஆயில் மேல்கோட்டைத் தொட்டுக்கொண்டு, குடும்பப் படம் எடுக்க நிற்பவர்களைப் போல அசையாமல் நின்றது.

போன சனிக்கிழமையும் இப்படித்தான் நின்றது. அதற்கு முந்தைய சனிக்கிழமையும்.

வேறு காராக இருந்தால் யாரும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இது மூன்று கை மாறி இவர்களிடம் வந்த கார். ஓடி ஓடித் தேய்ந்த இன்ஜின். பெட்ரோலைக் குடிக்கும் அளவுக்கு இல்லையென்றாலும் ஆயிலையும் குடிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்னால் நீலமாக ஒரு புகை விட்டுவிட்டுத்தான் கிளம்பும். கிலோமீட்டர் காட்டும் எண்கள் எந்தக் காலத்திலோ நின்றுவிட்டன. கடைசி எண் ஏழாகவும் ஆகாமல் எட்டாகவும் ஆகாமல் பாதி உருண்டு மாட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் முள்ளோ தனக்குப் பிடித்த இடத்தில் நிற்கும், பிடிக்காவிட்டால் படுத்துக்கொள்ளும். ஆகவே வண்டி எவ்வளவு ஓடியது என்று அவளுக்குச் சொல்ல இருந்தது ஆயில் ஒன்றுதான். ஊருக்கு வெளியே இருக்கும் பெயின்ட் ஃபேக்டரிக்குக் கணவன் ஒரு வாரம் போய் வந்தால், மேல்கோட்டிலிருந்து கம்பியின் நடுவரை இறங்கும். நடுவில் லீவு விழுந்தால் கொஞ்சம் குறைவாக இறங்கும். இந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லை.

இப்போது பிசகியிருந்தது. அப்படியானால் யாரோ ஊற்றுகிறார்கள்.

கணவன் ஊற்றியிருக்க முடியாது. கையில் கறுப்பு பட்டால் சோறு இறங்காத ரகம் அவர். கல்யாணமான புதிதில் உதவி செய்கிறேன் பேர்வழி என்று வந்து, முன்கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பாவில் ஆயிலைக் கவிழ்க்கப் போனவர். அன்றைக்கு அவர் கையிலிருந்து அவள் பிடுங்கியது, பிறகு திருப்பித் தரவேயில்லை. அவர் ஃபேக்டரியில் கிடங்குப் பொறுப்பாளர். ஆயிரம் டப்பாவில் எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். காரின் பானட்டைத் திறக்கும் கம்பி எங்கே இருக்கிறது என்று மட்டும் இன்றுவரை தெரியாது.

துணியை மூக்கருகே கொண்டுபோனாள். வாசனையும் வேறாக இருந்தது. எப்போதும் வரும் கனமான, கருகின வாடை இல்லை. கொஞ்சம் சுள்ளென்று, மெலிசாக. வேறு கம்பெனி ஆயில் என்று முடிவு செய்தாள். வேறு யாரோ கடையில் நின்று, விலை கேட்டு, வாங்கி, மூடியைத் திருகித் திறந்து, தன் வண்டிக்குள் ஊற்றின ஆயில்.

யார் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

ஃபேக்டரி லேபில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். பெயின்ட்டின் நிறம் மாதிரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. கணவன் 'லேப் மேடம்' என்பார். மாடியில் குடியிருக்கும் தங்கை, எப்போதோ ஒரு ஃபேக்டரி போட்டோவைப் பார்த்துவிட்டு 'வெள்ளைக்கோட்டு' என்று பெயர் வைத்துவிட்டாள். வெள்ளைக்கோட்டின் அப்பா ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவராம். சின்ன வயதிலிருந்தே வண்டிகளுக்கு அடியில் படுத்து எழுந்தவளாம். இதெல்லாம் கணவன் சாப்பிடும்போது சொன்னது.

"லேப் மேடம் நேத்து தனி ஆளா டயர் மாத்திட்டாங்க, தெரியுமா? ஜாக்கி போட்டு, போல்ட்டு கழட்டி, எல்லாம் தனியாவே."

"நானும்தான் மாத்துவேன்."

"நீ மாத்துவ. அது தெரிஞ்சதுதானே."

தெரிஞ்சதுதானே. அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் அது பாராட்டாகக் கேட்கவில்லை. ஆரம்ப நாட்களில், அவள் கம்பியைத் துடைத்துப் பார்க்கிற நேரம், அவர் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நிற்பார். உனக்கு எப்படித் தெரியுது இதெல்லாம் என்று கேட்பார். கேட்கிற குரலில் நிஜமான ஆச்சரியம் இருக்கும். பிறகு டீ டம்ளர் உள்ளேயே இருந்துவிட்டது. ஆச்சரியம் தேய்ந்து பழக்கமாயிற்று. எந்த வீட்டிலும் நடப்பதுதான், அதில் அவளுக்குப் பெரிய குறையில்லை. அந்த ஆச்சரியம் செத்துப்போய்விட்டது என்று நினைத்து மனதைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். அது சாகவில்லை, இடம் மாறியிருக்கிறது என்று தெரிந்தபோதுதான் வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்கு அவளே ஒரு விலாசம் தேடிப் பார்த்தாள். அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் தப்பாக ஏதாவது இருக்குமா? இருக்காது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னது. அவருக்கு அதற்கான சாமர்த்தியமும் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு பொய் சொன்னால் காது சிவந்துவிடும். ஆனால் தப்பாக இல்லை என்பது அவளுக்கு ஆறுதலாகவும் இல்லை. இன்னொரு பெண் பானட்டைத் திறந்திருக்கிறாள். குனிந்து உள்ளே பார்த்திருக்கிறாள். இவர் டீ டம்ளரோடு பக்கத்தில் நின்று, எப்படித் தெரியுது இதெல்லாம் என்று கேட்டிருக்கிறார். அவ்வளவு போதும்.

கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

"வண்டி எப்படிங்க ஓடுது?"

"நல்லா ஓடுது."

"ஆயில் குறையவே இல்லையே."

"நல்லதாப் போச்சு. குடிய விட்டுருச்சு போல." சிரித்தார். "எத்தனையோ பேரால முடியல, அது திருந்திருச்சு."

"யாராவது ஊத்தினாங்களா?"

பிரஷ் ஒரு நொடி நின்று, திரும்ப ஓடியது. "யாரு ஊத்தப் போறா? என்ன கேள்வி இது?"

அவருடைய காதைப் பார்த்தாள். சிவந்திருந்தது.

மாடியில் தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை அவளுக்கு. எந்நேரமும் அடுத்தவர் வாய்க்குள் பார்த்துப் பார்த்துத் தன் வாய்க்குக் கதவே இல்லாமல் போய்விட்டது. அக்கா சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டுத் தலையணை உறையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். பிறகு நிமிர்ந்து,

"ஊர்ல இருக்கிற பொம்பளைங்க புருஷன் சட்டையில சென்ட் வாசம் வருதான்னு மோந்து பாப்பாங்க. நீ ஆயில் கம்பிய மோந்து பாத்துட்டு வந்து நிக்கற."

"சிரிக்காதடி. காது சிவந்துச்சு."

"மாமாவுக்கு வெயில்ல நின்னாலும் சிவக்கும். நேரா கேட்டுடேன், வெள்ளைக்கோட்டு ஊத்தினாளான்னு."

"கேட்டா ஆமாம்பாரு. ஆமான்னுட்டா அப்புறம் நான் என்ன செய்ய?"

தங்கை மடிப்பதை நிறுத்தினாள். "ஏன்கா, இத்தனை வருஷமா உன் கை கறுப்பானதுதானே? ஒருத்தி ஓசியில ஊத்தினா ஊத்திட்டுப் போறா. எனக்கெல்லாம் ஒருத்தி வந்து பாத்திரம் கழுவிக் குடுத்தா கட்டிப் பிடிச்சு முத்தம் குடுப்பேன்."

"பாத்திரம் வேற, இது வேற."

"எப்படி வேற?"

அந்த வீட்டில் அவள் செய்கிற மற்ற எல்லாவற்றையும் வேறு யாரும் செய்துவிடலாம், செய்தும் இருக்கிறார்கள். அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தங்கை சமைத்தாள். கணவன் துணி துவைத்தார். காரின் பக்கம் மட்டும் யாரும் போகவில்லை. அது அவள் எழுந்து வருவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது. தனக்காக ஒன்று காத்திருப்பது எப்படியிருக்கும் என்று காய்ச்சலோடு ஜன்னலில் நின்று பார்த்தது அந்த ஒரு முறைதான்.

திங்கட்கிழமை வேலையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை எடுத்துவந்தாள். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. தேய்ப்பதற்கு முன் லென்ஸின் நடுவைக் குறித்து வைக்க, மிளகு அளவில் வெள்ளை ஸ்டிக்கர்கள் உண்டு. அவர் குளிக்கிற நேரம் பார்த்து, ஆயில் ஊற்றும் மூடிக்கும் அதன் கழுத்துக்கும் நடுவில் ஒன்றை ஒட்டினாள். யாராவது மூடியைத் திருகினால் கிழிந்துவிடும். தன்னை நினைத்து வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தோடேயே விரல் நுனியால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்க மெஷினில் லென்ஸ் சுற்றும்போதெல்லாம் வெள்ளைக்கோட்டின் விரல்கள் மூடியைத் திருகிக்கொண்டிருந்தன. நீளமான விரல்களா, குட்டையா? நகத்தில் பெயின்ட் ஒட்டியிருக்குமா? ஊற்றி முடித்ததும் எதில் துடைப்பாள்? அவருடைய கைக்குட்டையிலா? அழுக்குத் துணிக்கூடையைக் கவிழ்த்து, கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தன. சுத்தமாக இருந்ததற்காகவும் கோபம் வந்தது.

சனிக்கிழமை பானட்டைத் திறந்தாள். ஸ்டிக்கர் கிழியவில்லை.

முதலில் நிம்மதி வந்தது. கம்பியை உருவினாள். ஆயில் குறையவில்லை. சரியாகச் சொன்னால், மேல்கோட்டைத் தாண்டி ஒரு நூல் ஏறியிருந்தது.

யாரும் ஊற்றவில்லை, ஆனாலும் ஏறியிருக்கிறது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு ஸ்டிக்கரைத் திரும்பப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று, ஒட்டினபோது இருந்த மாதிரியே இருந்தது. ஓடிச் சூடான இன்ஜின் மேல் அது ஒரு நாள் தாங்காது. பசை இளகி, ஓரம் சுருண்டு, பழுப்பேறியிருக்க வேண்டும். நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு மூடியைத் திறந்தாள். மூடியின் அடிப்பக்கத்தில், சூடாகாத இன்ஜினில் ஈரம் தங்கினால் வருகிற நுரை, பால் டீ நிறத்தில் அப்பியிருந்தது. துணியை மூக்கில் வைத்தாள். இந்தத் தடவை மனதை ஒதுக்கிவைத்துவிட்டு மூக்கால் மட்டும் மோந்தாள்.

பெட்ரோல்.

வேறு கம்பெனி ஆயிலாவது ஒன்றாவது. தினமும் ஸ்டார்ட் ஆகி, சூடாவதற்குள் அணைக்கப்படும் வண்டியில் எரியாத பெட்ரோல் கசிந்து ஆயிலோடு கலக்கும். தூரம் ஓடினால் சூட்டில் ஆவியாகிவிடும், ஓடாவிட்டால் தங்கிவிடும். ஆயில் குறைந்ததாகவே தெரியாது. பார்த்தால் நிறைந்திருக்கும், உள்ளே நீர்த்துப்போய் இருக்கும். இது அவளுக்குத் தெரியாத விஷயமல்ல. முதல் சனிக்கிழமையே அந்த வாடை மூக்கில் ஏறியிருக்கிறது. வெள்ளைக்கோட்டைத் தேடிக்கொண்டிருந்ததில் பெட்ரோல் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது.

ஆக, இந்தக் கார் ஃபேக்டரிக்குப் போகவில்லை. எங்கேயோ பக்கத்தில் போகிறது. பகல் முழுக்க அங்கே நிற்கிறது. சாயங்காலம் திரும்பி வருகிறது.

ஊற்றினவளாவது பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. ஊற்றினவள் பானட்டைத் திறந்தாள், மூடினாள், முடிந்தது. பகல் முழுக்க வண்டி நிற்கிற ஒரு இடம் என்றால், அங்கே ஒரு வாசல் இருக்க வேண்டும். வாசலுக்குள் நாற்காலி, மேசை, அவர் கழற்றி வைக்கிற ஷூ.

திங்கட்கிழமை வேலைக்குப் போக நேரமாகும் என்று கடைக்குப் போன் செய்துவிட்டு, தங்கையின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டாள். தங்கை சாவியைத் தரும்போது சிரிக்கவில்லை. "நான் வரட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்றாள்.

கணவனின் வண்டியைத் தொடர்வது ஒன்றும் பெரிய கஷ்டமாக இல்லை. நீலப் புகையைப் பிடித்துக்கொண்டே போனால் போதும். பெரிய ரோட்டுக்குத் திரும்பாமல் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் போய், லாரிகள் நிற்கிற காலியிடத்தின் ஓரமாக அவர் காரை நிறுத்தினார். இறங்கினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். வீடு எதுவும் இல்லை. வாசல் எதுவும் இல்லை. அவள் ஒரு டெம்போவுக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கார் வந்து நின்றது. புதுக் கார். புகை இல்லை, சத்தமும் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்டு ஓட்டிவந்த பெண் உள்ளேயிருந்தே கையை நீட்டி இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் பின்சீட்டுப் பக்கம் திரும்பாமலேயே பையைப் பின்னால் போட்டார். எங்கே விழும் என்று கைக்குத் தெரிந்திருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தார். காலை நீட்டினார். சீட்டைத் தள்ளவோ இழுக்கவோ இல்லை. அது அவருடைய காலின் நீளத்துக்கே தள்ளிவைக்கப்பட்டிருந்தது.

வெள்ளைக் கார் போய்விட்டது.

சீட்டைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஒரு பெண்ணோடு போகிறார் என்பதைக்கூட நாக்கில் வைத்து மென்று பார்க்க முடிந்தது. நடுவில் வேறு யாரும் உட்காராத, யாருக்காகவும் மாற்றப்படாத ஒரு சீட். அவர் இறங்கின பிறகும் அவருடைய அளவிலேயே இருக்கிற சீட்.

அவளிடம் மாற்றுச் சாவி இருந்தது. காருக்குள் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். எங்கே போவது என்று தெரியாததால் இன்ஜினை ஓடவிட்டு அப்படியே இருந்தாள். தினமும் ஃபேக்டரிக்கு ஒரு மணி நேரம் போக, ஒரு மணி நேரம் வர. அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு நாளில் அத்தனை நேரம் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் டிவி பாதியைத் தின்றுவிடும்.

இன்ஜின் சூடேற ஆரம்பித்தபோது சத்தம் மாறியது. தாளம் தப்பின மாதிரி டிக் டிக் என்று ஒரு தட்டல். முன்னால் சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கியது. எண்ணெய்க் கேன் படம் போட்ட விளக்கு. ஒரு தடவை எரிந்து அணைந்தது. பிறகு விடாமல் துடித்தது.

அந்த விளக்கு ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற விளக்கு அல்ல. ஆயில் போகவேண்டிய இடத்துக்கு அழுத்தத்தோடு போகவில்லை என்று சொல்கிற விளக்கு. அது எரிந்தால் யோசிக்கக் கூடாது. அந்த நொடியே அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் இரும்பும் இரும்பும் தேய்ந்து, இன்ஜின் இறுகிப் போய்விடும். மற்ற யாரையும்விட அவளுக்கு இது தெரியும்.

அவள் அணைக்கவில்லை.

சாவியில் கை இருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். செத்துப் போகட்டும் என்று நினைத்தாள். சாயங்காலம் அவர் வருவார், சாவியைத் திருகுவார், ஒன்றும் நடக்காது. யாருக்குப் போன் செய்வார்? அவளுக்குத்தான் செய்ய வேண்டும். என்ன ஆச்சு, ஏன் ஆச்சு, எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கலாம். மார்க்கெட்டுக்குப் பின்னால் என்று அவர் வாயால் சொல்ல வைக்கலாம். அந்தக் காட்சி அவளுக்கு இனிப்பாக இருந்தது. தட்டல் பெரிதாயிற்று. பிறகு வேறொன்று தோன்றியது. அவர் அவளுக்குப் போன் செய்ய மாட்டார். பக்கத்தில்தான் ஒர்க்‌ஷாப்காரர் பெண் நிற்பாளே. அவள் கோட்டைக் கழற்றிப் பின்சீட்டில் போட்டுவிட்டு, பானட்டைத் திறந்து, கம்பியை உருவி மோந்து பார்ப்பாள். "யாரு சார் இந்த வண்டியப் பாத்துக்கறது?" என்பாள்.

சாவியைத் திருகி அணைத்தாள்.

அவள் வழக்கமாகப் போகும் ஒர்க்‌ஷாப்காரர், பெட்ரோல் வாடை பட்டால் தும்மல் நிற்காது என்பதால் எல்லோருக்கும் 'தும்மல் அண்ணன்'. கயிறு கட்டி இழுத்துப் போய், அடியிலிருந்து ஆயிலை வடித்தபோது அடுக்காகத் தும்மினார்.

"என்னம்மா இது, தண்ணி மாதிரி ஓடுது. பெட்ரோல ரெண்டு பக்கமும் ஊத்துறீங்களா?"

"கிட்டக்கயே ஓட்டியிருக்காங்கண்ணே."

"லைட்டு எரிஞ்சதும் அணைச்சுட்டீங்கல்ல?"

"அணைச்சேன்."

"உடனேவா?"

அவள் கையிலிருந்த சாவியைப் பைக்குள் போட்டாள். அவர் ஆயில் வடிவதைப் பார்த்துக்கொண்டே, "தப்பிச்சுது," என்றார். "ஆனா அந்தத் தட்டல் இனிமே கொஞ்சம் இருக்கும். அது போகாது. புது ஆயில் போட்டுத் தர்றேன், ஒரு நீள ஓட்டம் ஓட்டிருங்க."

ஸ்கூட்டரை வந்து எடுத்துப்போகச் சொல்லித் தங்கைக்குப் போன் செய்துவிட்டு, சாயங்காலம் அதே காலியிடத்தில், அதே ஓரத்தில், காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து காத்திருந்தாள். வெள்ளைக் கார் வந்து நின்றது. கணவன் சிரித்துக்கொண்டே இறங்கி, இரண்டடி வைத்து, ஸ்டியரிங் முன்னால் இருப்பது யார் என்று பார்த்தார். காது மட்டுமல்ல, கழுத்துவரை சிவந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் இறங்கி வந்துவிட்டாள். நினைத்ததைவிடச் சின்ன வயது. குட்டையான விரல்கள். கட்டைவிரல் நகத்தில் பச்சைப் பெயின்ட்.

"அக்கா! நீங்கதானா? சார் தினம் சொல்லுவாரு. எங்க வீட்டுல ஆயில் பாக்கறதே ஒரு பூஜை மாதிரி நடக்கும்னு." ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தாள். "எங்கப்பா இதே மாடல் வச்சிருந்தாரு. சத்தம் கேட்டாலே அப்பா ஞாபகம் வருது. ஒரு நாள் பானட் திறந்து காட்டுவீங்களாக்கா?"

அக்கா என்ற சொல் சரியான இடத்தில் குத்தியது. கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். "அதுக்கென்னம்மா, பாக்கலாம்," என்றாள். தன் குரல் இவ்வளவு மரியாதையாக வந்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

வெள்ளைக் கார் போனதும் கணவன் ஓட்டுகிற பக்கம் வந்து நின்றார். அவள் நகரவில்லை. சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் ஏறினார். அவள் வீட்டுப் பக்கம் திருப்பாமல் பெரிய ரோட்டில் ஏற்றினாள்.

"எங்க போறோம்?"

"இதுக்கு ஓட்டம் வேணும்."

மார்க்கெட் நெரிசலைத் தாண்டினார்கள். பிறகு அவரே ஆரம்பித்தார். ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி புகை விடுகிற வண்டியை உள்ளே விடமாட்டேன் என்றானாம். வெளியே நிறுத்தினாராம். வண்டி வரும்போதெல்லாம் லோடிங் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, 'கொசு மருந்து வண்டி வந்துருச்சு, ஜன்னலத் திறங்க' என்று கத்துவார்களாம். லேப் மேடம் இந்தப் பக்கமாகத்தான் வருவதாகச் சொல்லி, தன் காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்றாளாம்.

"எங்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"எப்படிச் சொல்றது? நீ ஒவ்வொரு சனிக்கிழமையும் அது முன்னாடி நின்னு... உன் வண்டியப் பாத்துச் சிரிக்கிறாங்கன்னு எப்படிச் சொல்றது?"

உன் வண்டி என்றார். இதுவரை ஒருமுறையும் அப்படிச் சொன்னதில்லை. அவள் மனம் அந்தச் சொல்லை எடுத்து வைத்துக்கொண்டது. ஆனால் அதோடு ஆறிவிடவில்லை. அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அந்த ஒரு மணி நேரமும் என்ன பேசுவீங்க?"

அவர் நிஜமாகவே யோசித்தார். "பெருசா ஒண்ணும் பேசறதில்ல. மொதல்ல வேலை பத்திப் பேசுவோம். இப்ப அதுவும் இல்ல. சும்மா வருவோம்."

பேசினார் என்றால் பொறுத்திருப்பாள். பேச்சை யாரோடு வேண்டுமானாலும் பேசலாம். சும்மா இருப்பது இவர்கள் இருவருக்கு மட்டுமே கைகூடினது என்று அவள் நினைத்திருந்தாள். அதற்கு எத்தனை வருஷம் பிடித்தது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது? கேள்வி நெஞ்சில் தட்டிக்கொண்டே இருந்தது, இன்ஜினுக்குள் டிக் டிக்கென்று அந்தத் தட்டலும்.

"என்ன சத்தம் அது?" என்றார்.

"நான் பண்ணினது," என்றாள். அவருக்குப் புரியவில்லை.

ஃபேக்டரிக்குத் திரும்பும் முனை வந்தது. அவள் திரும்பாமல் நேராகவே விட்டாள். வெளிச்சம் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

"நாளைலேர்ந்து நீங்க அவங்ககூடவே போங்க," என்றாள். "ஒளிஞ்சு நிக்க வேணாம். வீட்டு வாசல்லயே வந்து ஏத்திக்கச் சொல்லுங்க."

"கோவத்துல சொல்ற."

"கோவத்துலதான் சொல்றேன். வண்டிய நான் எடுத்துக்கறேன்."

"நீ எடுத்துட்டு எங்க போவ? உன் கடை பஸ்ல நாலு ஸ்டாப்தானே. கிட்டக்க ஓட்டினா மறுபடி கெட்டுப் போகும்னு நீயே சொல்லுவ."

"கடைக்கு முன்னாடி தூரமா ஒரு சுத்து போயிட்டு வருவேன். காலையில ரோடு காலியா இருக்கும்."

"தனியாவா?"

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். இன்ஜின் சூடேறியிருந்தது, புகை கொஞ்சம் குறைந்திருந்தது. பெட்ரோல் பங்க் ஒன்றைக் கடந்தார்கள். லாரிகளை விலக்கிக்கொண்டு போனாள்.

"கேக்கறேன்ல, தனியாவா போவ?"

இரண்டாவது முறை கேட்டபோது அவர் குரலில் ஏதோ ஒன்று இடறியது. அவர் தெரிந்து கேட்டதாகத் தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் அது என்னவென்று உடனே தெரிந்தது. இத்தனை வாரமாக அதே எரிச்சலோடு படுத்து எழுந்தவள் ஆயிற்றே. ஆறுதல் சொல்லிவிடலாம், ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"பாக்கலாம்," என்று சொல்லிவிட்டு அடுத்த கியருக்கு மாற்றினாள்.